விவாகரத்தும் பணமும்: முன்பும் நடுவிலும் பின்பும் எழும் கேள்விகள்

பல குடும்பங்களில் பணக் கணக்கை ஒருவர்தான் பார்ப்பார். மற்றவர் நம்பி விட்டுவிடுவார். சேர்ந்து வாழும்வரை அதில் தவறேதும் இல்லை. பிரியும்போதுதான் கணக்கு தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகப் புலப்படும். இந்தப் பக்கம் முக்கியமாக அந்த இரண்டாமவருக்காக எழுதப்பட்டது. அவர் ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், நன்றாகச் சம்பாதிப்பவராகக்கூட இருக்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், எதிலும் கையெழுத்துப் போடுமுன் நீங்கள் வாழும் நாட்டின் குடும்பநல வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

பிரிவது என்று இன்னும் முடிவே செய்யவில்லை. இப்போதே பணக் கணக்கு பார்ப்பது துரோகம் மாதிரி இருக்கிறதே?

இல்லை. உங்கள் குடும்பத்தின் பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. நாளை மனம் மாறிச் சேர்ந்தே வாழ்ந்தாலும் அந்த அறிவு வீணாகாது. துணைக்குத் திடீரென உடல்நலம் கெட்டால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப்போவதும் அதுதான்.

இந்தக் கட்டத்தில் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வழக்கு தொடங்கிய பிறகு சாதாரணக் கேள்விகூடச் சந்தேகத்தோடு பார்க்கப்படும். "அந்த காப்பீட்டுப் பத்திரம் எங்கே?" என்று இன்று கேட்டால் அலமாரியைக் காட்டுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வழக்கறிஞர் கடிதம்தான் வரும்.

வீட்டுக் கணக்கு எதுவுமே எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

வங்கி அறிக்கையிலிருந்து. உங்கள் பெயரும் இருக்கிற கணக்கு ஒன்று கிடைத்தாலே போதும். கடைசி 12 மாத அறிக்கையை வாங்கி, அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். தொகை எவ்வளவு என்பது முதலில் முக்கியமில்லை. பணம் யாருக்குப் போகிறது, யாரிடமிருந்து வருகிறது என்பதை மட்டும் வரிவரியாகப் பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை தானாகப் போகிறதா? அது கடன் தவணையாக இருக்கும், அல்லது மியூச்சுவல் ஃபண்ட் போன்ற சேமிப்பாக இருக்கும். எதிரே உள்ள நிறுவனப் பெயர் எது என்று சொல்லிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போகும் பெரிய தொகை பெரும்பாலும் காப்பீட்டு பிரீமியம். லாக்கர் வாடகை என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்குத் தெரியாத ஒரு லாக்கர் இருக்கிறது என்று பொருள். சொத்து வரி கட்டியிருந்தால் அந்தச் சொத்து எது? டிவிடெண்ட் என்று சின்னத் தொகை வரவாகி இருந்தால், அதற்குப் பின்னால் பங்குகள் இருக்கின்றன. அடையாளம் தெரியாத கணக்குக்கு அடிக்கடி பணம் போயிருந்தால் அந்த வரிகளுக்குக் கோடிட்டு, தேதியோடு தனியே எழுதி வையுங்கள்.

ஆண்டு முழுக்கப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாத அறிக்கையில் ஆண்டு பிரீமியமும் சொத்து வரியும் பள்ளிக் கட்டணமும் தெரியாமலே போகலாம்.

அடுத்தது வருமான வரிக் கணக்கு. வட்டி, வாடகை, பங்கு விற்ற லாபம், காப்பீட்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் எடுத்த வரிவிலக்கு என்று வங்கி அறிக்கையில் சிக்காதது பலவும் அதில் இருக்கும். கணவன் மனைவி சேர்ந்து வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நாடாக இருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கே உரிமை உண்டு.

இவ்வளவும் முடிந்ததும் ஒரே ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதுங்கள். இடது பக்கம் இருப்பவை, வலது பக்கம் தர வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயரில் இருக்கிறது, எப்போது வாங்கியது, யார் பணத்தில் வாங்கியது. எந்த வழக்கறிஞரிடம் போனாலும் முதல் சந்திப்பில் அவர் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.

எந்த ஆவணங்களுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும்?

மூன்று முதல் ஐந்து ஆண்டு வரிக் கணக்குகள், இருவரின் சம்பளச் சீட்டுகள், வங்கி மற்றும் கடன் அட்டை அறிக்கைகள், வீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தங்கள், காப்பீடுகள், ஓய்வூதிய நிதிக் கணக்கு, வண்டிப் பதிவுச் சான்று, திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று. திருமணத்துக்கு முன்பே உங்களிடம் இருந்தவை, பெற்றோர் கொடுத்தவை, பரம்பரையாக வந்தவை ஆகியவற்றுக்கான சான்றைத் தனியாகக் கட்டி வையுங்கள். பல நாடுகளின் சட்டம் இவற்றைத் தனிச் சொத்தாகப் பார்க்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நகை இருந்தால் எடையோடு பட்டியலும் புகைப்படமும்.

நகல்களை வீட்டில் வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடமோ உங்கள் தனி மின்னஞ்சலிலோ இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: துணையின் செல்போனையோ மின்னஞ்சலையோ கடவுச்சொல் உடைத்துப் பார்க்க வேண்டாம். பல இடங்களில் அது குற்றம். அப்படிக் கிடைத்த ஆதாரம் உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும்.

கூட்டுக் கணக்கில் உள்ள பணத்தை முழுவதும் எடுத்துவிடலாமா? அவர் முந்திக்கொண்டால்?

இந்தப் பயம் நியாயமானது. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற கணக்கில், ஒருவரே முழுப் பணத்தையும் எடுத்தாலும் வங்கி தடுக்காது. ஆனால் பின்னால் நீதிபதி கேட்பார். முழுவதையும் துடைத்தெடுத்தவர் மீது வழக்கின் தொடக்கத்திலேயே ஒரு கறை விழும், அதைப் போக்குவது கடினம்.

வீட்டுச் செலவுக்கும் வழக்கறிஞருக்கும் தேவைப்பட்டால் பாதிக்கு மிகாமல் எடுங்கள். எடுத்த அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வையுங்கள். இதைவிட நல்ல வழி, இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் என்று கணக்கின் இயக்க முறையை மாற்றச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கொடுப்பது. சில இடங்களில் சட்டமே தடை போட்டுவிடுகிறது. கலிஃபோர்னியாவில் விவாகரத்து மனு தாக்கலானதும் மனுதாரருக்கும், அழைப்பாணை கையில் கிடைத்ததும் எதிர்த்தரப்புக்கும், சொத்தை மாற்றவோ விற்கவோ காப்பீட்டை ரத்து செய்யவோ தானாகவே தடை வந்துவிடும். அன்றாடச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் விலக்கு உண்டு.

எனக்கென்று தனிக் கணக்கு தொடங்கலாமா?

தொடங்குங்கள், அதுவும் வேறொரு வங்கியில். சம்பளம் இனி அங்கே வரட்டும். அந்தக் கணக்கைப் பின்னால் நீதிமன்றத்தில் காட்டத்தான் போகிறீர்கள், ஆகவே இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்று மறக்காமல் பாருங்கள். பல வீடுகளில் மனைவியின் கணக்குக்கும் கணவரின் செல்போன் எண்தான் கொடுக்கப்பட்டிருக்கும். எண்ணை மாற்றாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கிறார், கையில் பணமே தருவதில்லை. இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா?

இருக்கிறது. பெண்களைப் பாதுகாப்பதற்கான இந்தியாவின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையை வன்முறையின் ஒரு வகையாகவே வரையறுக்கிறது. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. செலவுக்குப் பணம் மறுப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, உங்கள் பொருளை விற்பது எல்லாம் இதில் அடங்கும்.

உங்கள் நிலை இதுவென்றால் இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற அறிவுரைகளுக்கு முன்னால் உங்கள் பாதுகாப்புதான் வர வேண்டும். புதிய வங்கியிலிருந்து வீட்டுக்குத் தபால் வந்தால் என்னாகும், நீங்கள் தேடிப் படித்த பக்கங்களை வேறு யாராவது பார்ப்பார்களா என்று யோசித்துவிட்டே அடுத்த அடி எடுங்கள். ஆவணங்கள் பின்னால்கூடக் கிடைக்கும். அடையாளச் சான்றும் குழந்தைகளின் சான்றுகளும் மட்டும் கையோடு இருந்தால் போதும்.

சொத்தைப் பாதிப் பாதியாகத்தான் பிரிப்பார்களா?

எந்த நாட்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் திருமணக் காலத்தில் சம்பாதித்தது இருவருக்கும் பொது, பிரிந்தால் சரிபாதி. ஜெர்மனியில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், திருமணக் காலத்தில் யாருடைய சொத்து அதிகம் வளர்ந்ததோ அவர் அந்த வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குத் தர வேண்டும். இங்கிலாந்தில் நீதிபதிக்கு விருப்புரிமை அதிகம். ஆனால் 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதி அமைப்பாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்பில், சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்ற பாகுபாடு கூடாது, சமத்துவத்தை அளவுகோலாக வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றது. சிங்கப்பூரில் மத்திய சேம நிதியில் சேர்ந்த பணமும் பங்கீட்டில் வரும்.

இந்தியா இவற்றிலிருந்து வேறுபடுகிறது. கோவாவைத் தவிர்த்தால், திருமணச் சொத்தைக் கணவன் மனைவிக்குள் பிரிப்பதற்கென்று பொதுவான சட்டம் இல்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவருடைய சொத்து. மற்றவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜீவனாம்சம் வழியாகத்தான். ஆகவே வீடு அவர் பெயரில் இருந்து, தவணையில் பாதியை நீங்கள் கட்டியிருந்தால், கட்டியதற்கான வங்கிச் சான்றுதான் உங்கள் பலம். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட நகையும் பொருளும் அவருடைய சீதனச் சொத்து. கணவர் வீட்டில் வைத்திருந்தார்கள் என்பதால் அது அவர்களுடையதாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது.

இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான், வேறு நாட்டில் வாழும் உறவினர் ஒருவர் "எனக்குப் பாதி கிடைத்தது" என்று சொன்னதை வைத்து நீங்கள் கணக்குப் போடக்கூடாது. இருவரும் வெவ்வேறு நாட்டில் வாழ்ந்தால் எங்கே வழக்குப் போடுவது என்பதே பெரிய பண முடிவு. அதை முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சொத்தை மறைக்கிறார் என்று சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?

இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழியோடு தெரிவிக்க வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் விதி. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. பொய் சொன்னால் விளைவு கடுமையாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு 1996 இறுதியில் லாட்டரியில் 13 லட்சம் டாலருக்கு மேல் பங்கு விழுந்தது. கணவரிடம் சொல்லாமல் சில நாட்களிலேயே விவாகரத்துக் கேட்டார். விஷயம் பின்னால் வெளியே வந்தபோது நீதிமன்றம் அந்தப் பரிசு முழுவதையும் கணவருக்கே கொடுத்துவிட்டது. மேல்முறையீட்டிலும் 2001இல் அதுவே உறுதியானது. ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பாதியாவது அவரிடம் இருந்திருக்கும்.

மறைப்பதற்கான வழிகள் பெரும்பாலும் பழையவைதான். போனஸைத் தள்ளிப்போடச் சொல்வது, நண்பருக்குக் "கடனைத் திருப்பிக் கொடுப்பது", வரியை அதிகமாகக் கட்டிவிட்டுப் பின்னால் திரும்பப் பெறுவது, சொந்தத் தொழிலில் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது. இப்போது கிரிப்டோவும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதை வாங்கும் பணமும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதனால்தான் வங்கி அறிக்கையை அவ்வளவு வலியுறுத்தினேன்.

தொழில் பெரியதாக இருந்தால், கணக்குகளைத் துருவி மறைத்த பணத்தைக் கண்டுபிடிக்கும் தடயவியல் கணக்காளரை நியமிக்கலாம். கட்டணம் அதிகம். சந்தேகிக்கும் தொகை அந்தக் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருந்தால் மட்டும் போங்கள்.

வீட்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா?

குழந்தைகள், அக்கம்பக்கம், பழகிய அறைகள். வீட்டின் மீது மனம் ஒட்டியிருப்பது இயல்பு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விவாகரத்தில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கடன் பாக்கி 40. அப்படியானால் கையில் இருப்பது 60. துணையிடம் 60 மதிப்புள்ள முதலீடு இருக்கிறது. "வீடு உனக்கு, முதலீடு எனக்கு, சரிசமம்" என்று பேச்சு வருகிறது. காகிதத்தில் சமம்தான். அடுத்த மாதம் முதல் நடப்பதைப் பாருங்கள். 60 முதலீடு வைத்திருப்பவருக்கு அது வருமானம் தரும், அவசரம் வந்தால் கொஞ்சம் விற்கலாம். வீட்டை வைத்திருப்பவர் தவணை, சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் ஒற்றைச் சம்பளத்தில் கட்ட வேண்டும். சம்பளம் 100 என்றால், தவணைக்கு 45, மற்றவற்றுக்கு 10. மிச்சமுள்ள 45இல் சாப்பாடு, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து அத்தனையும் அடங்க வேண்டும். மருத்துவமனைக்குப் பணம் வேண்டுமென்று சமையலறையை மட்டும் விற்க முடியாது.

வீட்டை விற்க நேர்ந்தால் தரகுக் கட்டணம் கழியும், மூலதன ஆதாய வரியும் (விற்ற லாபத்துக்கான வரி) கழியக்கூடும். முதலீட்டுக்கும் வரி உண்டு, ஆனால் விகிதம் வேறு. எனவே ஒப்பிடும்போது எல்லாவற்றையும் "இன்று விற்று, வரி கட்டி, செலவு போக என் கையில் எவ்வளவு நிற்கும்" என்ற ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வாருங்கள். அப்படிப் பார்த்தபிறகும் ஒற்றைச் சம்பளத்தில் தாங்கும் என்றால் தாராளமாக வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தாங்காது என்றால், குழந்தைகளின் பள்ளி முடியும்வரை ஒருவர் குடியிருந்து, அப்புறம் விற்றுப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கடனை அவர் கட்டுவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: விவாகரத்துத் தீர்ப்பு உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும், வங்கியைக் கட்டுப்படுத்தாது.

வங்கி கடன் கொடுத்தது இரண்டு கையெழுத்தை நம்பி. அந்த இருவர் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் வங்கி ஒரு தரப்பே இல்லை. அவர் தவணை கட்டத் தவறினால் வங்கி உங்களிடம் வரும், வரலாம், அதற்கு முழு உரிமை உண்டு. நீங்கள் தீர்ப்பு நகலைக் காட்டினால் "அதை அவரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள், எங்களுக்குக் கட்டிவிடுங்கள்" என்பார்கள். உங்கள் கிரெடிட் ஸ்கோரும் விழும். அடுத்து நீங்கள் வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்கப் போகும்போதுதான் அது தெரியவரும்.

ஆகவே முடிந்தவரை கூட்டுக் கடன்களைத் தீர்ப்புக்கு முன்பே அடைத்துவிடுங்கள். அடைக்க முடியாத வீட்டுக் கடனை, வீட்டை எடுத்துக்கொள்பவர் தன் ஒற்றைப் பெயரில் புதிய கடனாக மாற்ற வேண்டும். எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் வீடு விற்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வங்கியிடமிருந்து "இவர் இந்தக் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்ற கடிதம் வந்தால்தான் உங்கள் பொறுப்பு தீர்ந்தது. அதுவரை கடன் கணக்கின் அறிக்கை உங்களுக்கும் வரட்டும். அவர் தவறினால் உங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற ஷரத்தும் வேண்டும். ஆனால் அது வங்கியைத் தடுக்காது, பின்னால் அவர்மீது வழக்குப் போட உதவும், அவ்வளவுதான்.

இதே விதிதான் ஜாமீன் கையெழுத்துக்கும். துணையின் தொழில் கடனுக்கு எப்போதோ உத்தரவாதம் போட்டுக் கொடுத்தது மறந்தே போயிருக்கும். உங்கள் கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயர் எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் கடன் அட்டையில் அவருக்குக் கூடுதல் அட்டை கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள், அதில் செலவாகும் ஒவ்வொரு காசும் உங்கள் கடன்.

ஜீவனாம்சத்தை மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா?

இரண்டிலும் ஆபத்து உண்டு, வகைதான் வேறு. மாதத் தொகை தருபவரின் வேலை போகலாம், அவர் இறந்துபோகலாம், வேண்டுமென்றே நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். மொத்தத் தொகை கைக்கு வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பின்னால் செலவு கூடியது என்று மறுபடி கேட்பது மிகக் கடினம், பணத்தைப் பாதுகாக்கும் பொறுப்பும் முழுக்க உங்கள் தலையில்.

தருபவரை நம்ப முடியாது என்றால் மொத்தமாக வாங்குவதே நல்லது, கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும்கூட. எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாண்டுக்கென்று மாதத் தொகையை வெறுமனே 120ஆல் பெருக்கிப் பார்ப்பது சரியான கணக்கு அல்ல.

மாதாமாதம் என்றால் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 100இன் வாங்கும் சக்தி 12 ஆண்டில் பாதியாகிவிடும். தருபவர் பெயரில் ஆயுள் காப்பீடு ஒன்றும், அதன் பலன் உங்களுக்கோ குழந்தைகளுக்கோ என்ற ஷரத்தும் கேளுங்கள்.

வரியையும் பாருங்கள். அமெரிக்காவில் 2018 டிசம்பர் 31க்குப் பிந்தைய விவாகரத்துகளில், மத்திய வரியைப் பொறுத்தவரை தருபவருக்குக் கழிவும் இல்லை, பெறுபவருக்கு வரியும் இல்லை. வேறு நாடுகளில் மாதத் தொகைக்கு வரி உண்டு, மொத்தத் தொகைக்கு இல்லை என்ற நிலையும் இருக்கிறது. பேரம் பேசுமுன் இது தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான தொகையில் எதை விட்டுவிடுகிறோம்?

மாதாமாதம் வராத செலவுகளை. ஆண்டுக் கட்டணம், பல் வைத்தியம், கண்ணாடி, கணினி, விளையாட்டுப் பயிற்சி, இரண்டு வீட்டுக்கும் இடையே போய்வரும் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லூரி. சட்டப்படியான பராமரிப்பு பல இடங்களில் குழந்தை வயதுக்கு வந்ததும் நின்றுவிடும், கல்லூரிச் செலவு தொடங்குவதும் சரியாக அதே வயதில்தான். அதை யார், எந்த விகிதத்தில் ஏற்பது என்று இப்போதே எழுதுங்கள்.

"குழந்தையைப் பார்க்க விடுகிறேன், பணம் வேண்டாம்" என்ற பேரத்துக்கு மட்டும் ஒருபோதும் இணங்காதீர்கள். பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை.

ஓய்வூதிய நிதியிலும் பங்கு கேட்கலாமா?

பல நாடுகளில் கேட்கலாம். பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பதால். பல குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து இதுதான். ஜெர்மனியில் 1977 முதல் திருமணக் காலத்து ஓய்வூதிய உரிமைகளை நீதிமன்றம் பொதுவாகத் தானாகவே பிரிக்கிறது. இங்கிலாந்தில் 2000 டிசம்பர் முதல் ஓய்வூதியத்தையே பிரித்துக் கொடுக்கும் உத்தரவு கேட்கலாம். அமெரிக்காவில் தனியார் நிறுவன ஓய்வு நிதியைப் பிரிக்க விவாகரத்துத் தீர்ப்பு மட்டும் போதாது, நிதி நிர்வாகிக்கென்று தனி நீதிமன்ற உத்தரவு அனுப்ப வேண்டும். தீர்ப்பு வந்த களைப்பில் இதை விட்டுவிட்டுப் பல ஆண்டு கழித்துத் தவிப்பவர்கள் உண்டு. அங்கே இன்னொன்றும் உண்டு: திருமணம் 10 ஆண்டாவது நீடித்திருந்தால், மற்ற நிபந்தனைகள் பொருந்தும்போது, முன்னாள் துணையின் சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதிய) கணக்கின் பேரில் நீங்கள் பலன் பெறலாம். ஒன்பதரை ஆண்டில் நிற்பவர்கள் தேதியைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

வழக்கறிஞர் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

தயாராகப் போங்கள். ஆவணங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, கேள்விகளை எழுதிச் சேர்த்து ஒரே சந்திப்பில் கேளுங்கள். கட்டண முறையை எழுத்தில் வாங்குங்கள். பேசினால் தீரும் நிலை இருந்தால் சமரச மையத்தை நாடுங்கள். மனபாரத்தை இறக்கி வைக்க நண்பரோ மனநல ஆலோசகரோ இருக்கட்டும். இந்தியாவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு.

வழக்கு நடக்கும்போது பண விஷயத்தில் எதைச் செய்யக்கூடாது?

ஜீவனாம்சத்தைக் குறைப்பதற்காக வேலையை விடக்கூடாது. உங்கள் தகுதிக்கு எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்த்துத் தொகை நிர்ணயிக்க நீதிமன்றத்தால் முடியும். சொத்தைத் தம்பி பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றக்கூடாது. பெரிய கடன் எடுக்கக்கூடாது. பணமாகக் கையில் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. எந்த மாதத்துக்கான, எதற்கான தொகை என்ற குறிப்போடு வங்கி வழியாகவே போகட்டும். "கொடுத்தேன்", "கொடுக்கவில்லை" என்ற சண்டைக்கு அதோடு முற்றுப்புள்ளி.

கைச்செலவுக்கே வழியில்லை என்றால் தீர்ப்புவரை காத்திருக்காமல் இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள். மனுப் போடுவதைத் தள்ளாதீர்கள். மேலே சொன்ன 2020 தீர்ப்பின்படி இந்தியாவில் ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும்.

தீர்ப்பு வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

நாமினி. காப்பீடு, வங்கி வைப்பு, ஓய்வு நிதி, பங்குக் கணக்கு என ஒவ்வொன்றிலும் நியமனம் யார் பெயரில் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒருவர் விவாகரத்துக்குப் பின் தன் நிறுவனச் சேமிப்புத் திட்டத்தில் முன்னாள் மனைவியின் பெயரை மாற்றவே இல்லை. அந்தப் பணத்தில் தனக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பிலேயே அந்த மனைவி விட்டுக்கொடுத்திருந்தார். ஆனாலும் இவர் இறந்தபின் சுமார் 4 லட்சம் டாலர் படிவத்தில் இருந்த பெயருக்கே போனது. இறந்தவரின் சொத்துக்கு நிர்வாகியாக இருந்த மகள் உச்ச நீதிமன்றம்வரை போராடினார். 2009இல், படிவத்தின்படி திட்டம் பணம் கொடுத்தது சரியே என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒரு தாளை நிரப்பிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

அடுத்து உயில். விவாகரத்தானால் உயிலில் முன்னாள் துணைக்கு எழுதியது சில நாடுகளில் தானாகச் செல்லாததாகும், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. புதிதாக எழுதிவிடுங்கள். பவர் பத்திரம் கொடுத்திருந்தால் ரத்து செய்து, அதைப் பயன்படுத்திய வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். மருத்துவக் காப்பீடு துணையின் வேலை வழியாக வந்ததென்றால் அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 20 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களின் திட்டங்களில் 36 மாதம்வரை சொந்தச் செலவில் தொடரலாம், ஆனால் 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மொத்தத் தொகை கைக்கு வந்திருக்கிறது. எதில் போடுவது?

முதல் ஆறு மாதத்துக்கு எதிலும் போட வேண்டாம். வங்கி வைப்பில் இருக்கட்டும். இந்த நேரத்தில் மனம் களைத்திருக்கும், பணம் வந்த செய்தியும் பரவியிருக்கும். காப்பீட்டு முகவர் வருவார், நிலம் விற்பவர் வருவார், "மூணு மாசத்துல திருப்பித் தர்றேன்" என்று நெருங்கிய சொந்தமே வரும். "ஒரு வருஷத்துக்கு எடுக்க முடியாதபடி போட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். உண்மையிலேயே ஒரு பகுதியை அப்படிப் போட்டும் வையுங்கள்.

அந்த ஆறு மாதத்தில் உங்கள் புதிய வாழ்க்கைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். திருமண நாட்களின் செலவைப் பாதியாக்கினால் அது கிடைக்காது. வாடகையும் இணையமும் மின்சாரமும் ஆள் குறைந்ததால் பாதியாவதில்லை. ஆறு மாதச் செலவை அவசர நிதியாக எடுத்து வைத்துவிட்டு, மீதத்துக்குக் கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் நிதி ஆலோசகரைப் பாருங்கள்.

என் பெயரில் இதுவரை கடனோ அட்டையோ இருந்ததே இல்லை. யாராவது கடன் தருவார்களா?

சின்னதாகத் தொடங்கினால் தருவார்கள். வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஒரு கடன் அட்டை வாங்குங்கள், மாதம் ஒரு சிறு செலவு செய்து முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுங்கள். ஓராண்டில் உங்களுக்கென்று ஒரு கடன் வரலாறு உருவாகியிருக்கும்.

மறுமணம் செய்தால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

மாதத் தொகை பல நாடுகளில் நின்றுவிடும், அல்லது நிறுத்தக் கோரலாம். ஒரே தவணையில் பெற்ற மொத்தத் தொகையைப் பொதுவாகத் திருப்பிக் கேட்க முடியாது. குழந்தைகளுக்கான தொகை உங்கள் மறுமணத்தால் மட்டும் நிற்காது. திருமணத் தேதி குறிக்குமுன் பழைய தீர்ப்பை எடுத்து மறுமணம் பற்றிய ஷரத்தைப் படியுங்கள். பழைய திருமணத்தில் கிடைத்த சொத்து உங்கள் தனிச் சொத்தாகவே இருக்க வேண்டுமென்றால் அதைப் புதிய கூட்டுக் கணக்கில் கலக்காமல் தனியாக வையுங்கள். முன்னொப்பந்தம் (திருமணத்துக்கு முன் செய்யும் சொத்து ஒப்பந்தம்) செல்லுபடியாகும் நாடாக இருந்தால், இருவரும் தனித்தனி வழக்கறிஞரை வைத்து, திருமணத்துக்குச் சில மாதம் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.